இழந்ததும் தெரிந்தெடுத்ததும்: தமிழ்ச் சிற்றிதழ் ஆசிரியர்கள் பற்றி ஒரு மறுபார்வை

தமிழ்ச் சிற்றிதழ்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இரங்கற்பாவின் குரலில் அமைந்திருக்கிறது. வீட்டு நகை அடகுக்குப் போனது, அச்சகத்தில் கடன் நின்றது, ஆசிரியர் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார் என்று இழப்புகளை அடுக்கியே ஓர் இதழாசிரியரின் வாழ்க்கையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். இவற்றில் பொய் அதிகமில்லை. ஆனால் இந்தப் பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் அந்த மனிதர் தம் மேசையில் உட்கார்ந்து என்ன செய்தார் என்பது தெரியவராது. வந்த கதையில் எதை வெட்டினார், எதைத் திருப்பி அனுப்பினார், எந்த இளைஞருக்கு அடுத்த கவிதையைக் கேட்டுக் கடிதம் போட்டார் என்ற கேள்விகளை நாம் கேட்பதே அரிது.

இக்கட்டுரையின் வாதம் இது: சிற்றிதழ் ஆசிரியரின் தெரிவும் அவர் கைக்கொண்ட விநியோக முறையும் ஒரே செயலின் பகுதிகள். இதழ் யார் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அவர் எடுத்த முடிவு, அதில் எது அச்சாகலாம் என்பதையும் பெருமளவு முடிவு செய்தது. தியாகக் கதை விநியோகத்தை வெறும் துன்பமாகக் காட்டுவதால் இந்தத் தொடர்பு கண்ணில் படாமல் போகிறது.

தியாகக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நமக்குக் கிடைக்கும் வரலாறுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் உள்ளிருந்தவர்களே. ‘தமிழில் சிறு பத்திரிகைகள்’ நூலை எழுதிய வல்லிக்கண்ணன் தாமே ‘கிராம ஊழியன்’ இதழில் ஆசிரியப் பொறுப்பு வகித்தவர். அந்த நூல் இல்லாவிட்டால் பல இதழ்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திராது. ஆயினும் சக பயணி ஒருவர் எழுதும்போது நன்றியும் நினைவேக்கமும் முன்னால் வந்து நின்றுகொள்கின்றன. தொழில் பின்னால் போய்விடுகிறது. பிறகு வந்தவர்கள் அந்தத் தொனியை எடுத்துக்கொண்டார்கள், தகவல்களைச் சோதிக்கும் சிரமத்தை விட்டுவிட்டார்கள்.

சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதற்கு முதல் சான்று. 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்தன. செல்லப்பா அதை விமர்சன ஏடாகவே நினைத்துத் தொடங்கினார். புதுக்கவிதையின் தொட்டில் என்று இன்று நாம் சொல்லும் பெயர் அவர் திட்டத்தில் இருந்ததல்ல. ஆனால் முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதையை மறுபிரசுரம் செய்தார். ஏற்கெனவே அச்சாகி, பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்த ஒரு கவிதை. மறுபிரசுரத்தில் எழுத்தாளனின் புதிய உழைப்பு எதுவும் இல்லை. அது முழுக்க முழுக்க ஆசிரியரின் செயல். அதைப் படித்தவர்கள் இப்படியும் எழுதலாம் என்று துணிந்தார்கள். திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், எழுதினார். சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், தி.சோ. வேணுகோபாலன், பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி ஆகியோர் வந்தார்கள். சி. மணியின் ‘நரகம்’ போன்ற நெடுங்கவிதைக்குச் சின்னஞ்சிறு இதழில் இடம் ஒதுக்குவது எளிய முடிவாக இருந்திருக்க முடியாது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைச் சேர்த்தபோது, தம் இதழையே மறுபடி ஒருமுறை சலித்தெடுத்தார் செல்லப்பா.

இந்தத் தெரிவை அவர் விநியோகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்டிக்கடையில் தொங்கி விற்கும் பத்திரிகையாக எழுத்தை அவர் நினைக்கவே இல்லை; சந்தா கட்டிய சில நூறு பேரையே நம்பினார். கடையில் தொங்காத இதழுக்குக் கவர்ச்சியான அட்டை வேண்டாம், தொடர்கதை வேண்டாம், ஒரே மூச்சில் படித்துவிடக் கூடிய கட்டுரையும் வேண்டாம். ஒரு படைப்பைப் பக்கம் பக்கமாக அலசும் விமர்சனம், அடுத்த இதழ் வரை காத்திருந்து பதில் எழுதக் கூடிய வாசகரிடம்தான் உயிர்வாழும். அந்த வாசகரே நாளை எழுதவும் தொடங்குவார். எழுத்தின் வாசகர்களில் கணிசமானவர்கள் அதன் எழுத்தாளர்களாக மாறியதை எண்ணிக்கைக் குறைவின் பலவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. என் கணிப்பில் அதுவே அந்த இதழ் இயங்கிய விதம். செல்லப்பா மூட்டை சுமந்து கல்லூரிகளுக்குப் போனதும், அதிகமாக எழுத்து பிரசுரத்தின் நூல்களை விற்கத்தான் என்றாலும், இதே தேடலின் தொடர்ச்சியே. அந்தப் பயணங்களை வெறும் கஷ்டமாக மட்டும் எழுதுவது அவருக்கே நியாயம் செய்யாது.

க.நா. சுப்ரமண்யம் 1960களில் நடத்திய ‘இலக்கிய வட்ட’த்தை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். க.நா.சு.வும் சிறிய வாசகர் வட்டத்துக்கே எழுதினார். ஆனால் அவருடைய முறை ரசனையை அறிவிப்பது. இவை நல்லவை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். செல்லப்பா ஏன் என்று விளக்காமல் விடமாட்டார், சில நேரம் படிப்பவர் பொறுமை தீரும் வரை. இரண்டு இதழ்களும் இரண்டு ஆசிரியர்களின் வாசிப்புப் பழக்கத்தையே உருவமாகக் கொண்டவை.

அச்சுத் தொழிலின் நிலைமையும் தெரிவில் தலையிட்டது. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் சிறிய அச்சகங்களிடம் முழு இதழையும் ஒரே நேரத்தில் கோத்து நிறுத்தும் அளவுக்கு எழுத்து இருக்காது. ஒரு ஃபாரத்தை, அதாவது ஒன்றாக அச்சாகும் பக்கங்களின் தொகுதியை, அடித்து முடித்து, எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டபிறகே அடுத்த ஃபாரம். முதல் பக்கங்கள் அச்சாகிக் கிடக்கும்போது கடைசிப் பக்கங்களுக்கான கட்டுரை வந்திருக்காது. மொத்தத்தையும் பார்த்துவிட்டு முன்பின் மாற்றும் வசதி ஆசிரியருக்குக் கிடையாது. புரூஃப் திருத்தப் போனவர் அச்சகத்திலேயே ஒரு கவிதையைக் குறைத்து ஃபாரத்தை நிரப்பவேண்டி வரும். பழைய இதழ்களின் உள்ளடக்க வரிசையில் ஆழ்ந்த நோக்கம் தேடும் ஆய்வாளர்கள், அச்சுக்கோப்பவரின் பெட்டியையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

சட்டமும் தன் பங்குக்கு ஓர் ஆசிரியரை உருவாக்கியது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி இதழின் ஒவ்வொரு பிரதியிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கவேண்டியிருந்தது. பதிவு செய்தால் தபால் கட்டணச் சலுகை கிடைத்தது. செய்யாவிட்டால் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுக்கொண்டு வெளியே நிற்க முடிந்தது. இந்த வரியைத் தமிழ்ச் சிற்றிதழ் வாசகர் யாரும் மறக்கமாட்டார். ஆகவே அட்டையின் உட்புறத்தில் கண்ட பெயரை வைத்து மட்டும் யார் ஆசிரியர் என்று முடிவு கட்டுவது ஆபத்து. 1970 அக்டோபரில் வெளிவந்த ‘கசடதபற’வில் ஆசிரியர் நா. கிருஷ்ணமூர்த்தி. இதழை உண்மையில் நடத்தியது ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி, எஸ். ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஒரு குழு. தன்னை ‘வல்லின மாத ஏடு’ என்று அழைத்துக்கொண்ட அந்த இதழில் தனியொருவரின் குரலைவிட, ஒருவர் ரசனையை இன்னொருவர் இடைமறிக்கும் சூழல் இருந்தது. மாதச் சம்பளக்காரர்கள் பலர் கூடியதால் ஒரே வீட்டின் மீது சுமை விழவில்லை.

குழு கலைந்ததையும் தோல்வியாகவே எழுதியிருக்கிறோம். ஆனால் ராமகிருஷ்ணன் 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கினார். முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவை. ஒரு பிரதியைச் சொல் சொல்லாகச் செப்பனிட்டு, ஆசிரியரோடு மல்லுக்கட்டி, ஒருமை பார்த்து அச்சேற்றும் வழக்கத்தைத் தமிழ்ப் பதிப்புலகில் வலுவாக ஊன்றியதில் க்ரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1992இல் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ அந்தக் கறாரின் உச்சம். சிற்றிதழ் மேசையில் பழகிய கை நூல் பதிப்புக்கு இடம் மாறியது என்றே இதைப் படிக்கிறேன்.

இனி யாழ்ப்பாணத்துக்குப் போகலாம். டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். அவருடைய குடும்பத் தொழில் முடிதிருத்தம். சலூனே ஆரம்பகால ஆசிரியர் அலுவலகம். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவிலும் பேருந்து நிலையத்திலும் அலுவலகங்களிலும் நேரே விற்றார். போர்ச் சூழலில் கொழும்புக்கு இடம்பெயர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, நானூறு இதழ்களைத் தொட்டு, 2012 வரை வந்தது. தமிழகத்தின் தனிமனிதச் சிற்றிதழ்களில் இவ்வளவு நீண்ட ஆயுள் அரிது.

இந்த நீடிப்பை ஜீவாவின் விடாப்பிடி என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். விடாப்பிடி இருந்தது, உண்மை. ஆனால் கையால் விற்பவருக்குக் கிடைக்கும் ஒன்று, சந்தாவை நம்புபவருக்குக் கிடைப்பதில்லை: போன இதழைப் பற்றிய பேச்சு, காசு கொடுக்கும்போதே வந்துவிடும். மல்லிகையின் அட்டையில் எழுத்தாளர், கலைஞர் படங்கள் வந்தது, சிங்களக் கதைகள் மொழிபெயர்ப்பாக இடம்பெற்றது, ஆசிரியரே வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியது எல்லாமே தெருவில் நடந்த உரையாடலின் அச்சு வடிவம் போல இருக்கின்றன. ‘எழுத்து’ இதழின் இறுக்கம் மல்லிகையில் இல்லை. தரம் ஏறியும் இறங்கியும் இருந்தது. ஆசிரியர் பலவீனமான கதைகளுக்கும் இடம் கொடுத்தார். இந்தக் குறையைச் சொல்லாமல் விடுவது மரியாதை ஆகாது. 1975இல் ‘அலை’ போன்ற இதழ் வேறொரு கறாரோடு அங்கே எழ இடமிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஜீவாவின் ஆசிரிய நாற்காலிக்கு இன்னொரு பொருள் இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் நுழைவுக்காகப் போராட வேண்டியிருந்த சமூகம் அது. அந்தச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த ஒருவர், யாருடைய கதை அச்சாகும் என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தார். வேளாள வாத்தியாரும் பல்கலைக்கழக விரிவுரையாளரும் தம் கையெழுத்துப் பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. தியாகக் கதை ஜீவாவைப் பரிதாபத்துக்குரியவராகக் காட்டும்போது இந்த அதிகாரத்தை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று எழும். பணம் இல்லாததால் இதழ் நின்றது என்பதுதானே அடிப்படை உண்மை? தெரிவைப் பற்றிப் பேசுவதெல்லாம் பின்னால் கட்டும் கோட்பாடு அல்லவா? பணமுடையை மறுக்கவில்லை. வ. விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’ 1962இல் நின்றபோது அதில் வந்துகொண்டிருந்த சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யும் நடுவழியில் நின்றது, நாவல் முழுமையாக நூலாக வர 1966 ஆயிற்று. ஆனால் அதே நாவலாசிரியர் 1988இல் ‘காலச்சுவடு’ தொடங்கியபோது நாகர்கோவிலில் ஜவுளிக் கடை நடத்தும் வணிகர். அந்தக் காலாண்டிதழும் எட்டு இதழ்களோடு நின்றது; 1994இல் வேறு கைகளில், வேறு அமைப்பில் மறுபடி வந்தது. இங்கே காசுத் தட்டுப்பாட்டை முதற்காரணமாகச் சொல்வது கடினம். எதிர்த்திசையில், 1971இல் கோவையில் எழுந்த ‘வானம்பாடி’ தன்னை ‘விலையிலாக் கவிமடல்’ என்று அறிவித்து இலவசமாகவே போனது. வாசகரை வடிகட்டாமல் போன இதழில், மேடையில் நின்று சொல்லக் கூடிய, உரத்த குரல் கொண்ட கவிதைகள் செழித்தன. அன்றைய கசடதபறக்காரர்கள் அதைக் குறையாகப் பார்த்தார்கள். விநியோகமே அப்படிக் கேட்டது என்று அவர்கள் யோசித்திருந்தால் சண்டை சற்று வேறுவிதமாக நடந்திருக்கலாம்.

ஆசிரியர்கள் என்று இதுவரை பெயர் சொன்னவர்கள் அனைவரும் ஆண்கள். 2000க்குப் பின் குட்டி ரேவதி நடத்திய ‘பனிக்குடம்’ வரும்வரை பெண் ஆசிரியராக இருந்த இலக்கியச் சிற்றிதழைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டிலிருந்தே நடந்த இதழ்களில் முகவரி எழுதியது, உறை ஒட்டியது, ஆசிரியர் வெளியூர் போனபோது வந்தவர்களுக்குப் பதில் சொன்னது யார்? தியாகக் கதை மனைவியின் நகையை மட்டும் உள்ளே சேர்த்துக்கொண்டு மனைவியின் வேலையை வெளியே விட்டுவிட்டது.

இந்த வாதத்தைச் சோதிக்க இதழ்களின் பிரதிகள் மட்டும் போதாது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் வைத்திருக்கும் நூலகம் நிறுவனமும் அச்சான பக்கங்களைக் காத்துத் தந்திருக்கின்றன. அச்சாகாதவை வேண்டும்: திருப்பி அனுப்பிய கதைகளோடு போன அஞ்சலட்டைகள், திருத்தக் குறிகள் உள்ள புரூஃப்கள், அச்சக ரசீதுகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தாதாரர் பெயர் எழுதிய நோட்டுகள். ஒரு நோட்டில் ஊர்ப் பெயர்களையும் இதழ்களில் எழுதியவர்களின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, வாசகர் எத்தனை பேர் எழுத்தாளர் ஆனார்கள், எந்த ஊரிலிருந்து, எத்தனை இதழ்களுக்குப் பிறகு என்று எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை நான் சொல்வதற்கு எதிராக வந்தால், இங்கே ‘எழுத்து’ இதழைப் பற்றிச் சொன்னதைத்தான் முதலில் திருத்தவேண்டி இருக்கும். பல வீடுகளில் அந்த நோட்டுகள் இன்னும் பரணில் கிடக்க வாய்ப்புண்டு.