சத்திரமும் ஓய்வில்லமும்: ஜொகூர்க் கடற்கரைத் தங்குமனைகளின் வரலாறு குறித்து

முன்னுரை

கடற்கரை ஊர்களில் பழங்காலத் தங்குமனை ஒன்றில் இரவைக் கழிப்பது இன்று சுற்றுலாவின் ஒரு கூறாக மதிக்கப்படுகிறது. அகன்ற முகப்புக் கூடம், உயர்ந்த கூரை, பிரம்பு நாற்காலி, எதிரே விரியும் கடல் ஆகியவை கடந்த காலத்தின் அமைதியை நினைவூட்டுவனவாக விளம்பரங்களில் இடம்பெறுகின்றன. அந்த அமைதி யாருக்கு வாய்த்தது என்பதை அவ்விளம்பரங்கள் கூறுவதில்லை. தங்குமனையின் வரலாறு என்பது அதன் சுவர்களின் வரலாறு மட்டுமன்று. எவர் உள்ளே தங்கினார், எவர் வெளியே நின்றார், எவர் வேறோர் இடத்திற்கு அனுப்பப்பட்டார் என்பதன் வரலாறுமாகும். ஜொகூர் மாநிலக் கடற்கரை ஊர்களில் அமைந்த ஓய்வில்லங்களைத் தமிழரின் சத்திர மரபோடும், மலாயாவுக்கு வந்த தமிழர் உண்மையில் தங்கிய இடங்களோடும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்க் கடற்கரையின் தங்குமனைகள்

வழிச்செல்வோருக்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் வழக்கம் தமிழகக் கடற்கரையில் மிகத் தொன்மையானது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடும் அளவிற்கு இயங்கிய அட்டிற்சாலைகளைக் காட்டுகிறது. மணிமேகலையில் அதே நகரத்து உலக அறவி, பசித்தோரும் பிணியாளரும் ஒதுங்கும் பொது அம்பலமாக இடம்பெறுகிறது. துறைமுக நகரம் என்றாலே அயலார் வந்து தங்கும் நகரம் என்ற எண்ணம் இவ்விலக்கியங்களில் வேரூன்றியுள்ளது.

பிற்காலத்தில் இம்மரபு சத்திரம், சாவடி என்னும் பெயர்களில் நிறுவன வடிவம் பெற்றது. ஆங்கிலேயர் தங்கள் ஆவணங்களில் 'சௌல்ட்ரி' என்று எழுதிய சொல், சாவடி என்பதன் திரிபாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் கடலோரப் பாதையில் பல சத்திரங்களை அமைத்தனர். இரண்டாம் சரபோசி மன்னர் 1802-ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை எழுப்பினார். இச்சத்திரங்கள் குறித்து அவர் 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் வரலாற்றறிஞர் பலராலும் எடுத்தாளப்படுவதாகும். எல்லாச் சாதியினருக்கும் சோறு வழங்கப்பட்டமை, நள்ளிரவில் மணியடித்து உண்ணாதோரை அழைத்தமை, நோயுற்றோருக்கு மருத்துவம் பார்த்தமை, பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தமை ஆகிய செய்திகள் அதனால் தெரியவருகின்றன.

சத்திரத்தைச் சமத்துவத்தின் கோயிலாகக் கொள்ளுதல் பொருந்தாது. சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியாகவும் மளிகைப் பொருளாகவும் வழங்கிய முறையே சாதி வேறுபாடு அங்கும் நிலவியதைப் புலப்படுத்துகிறது. ஆயினும் ஓர் அடிப்படை நெறி அங்கே இருந்தது. வழியில் இருப்பவன் என்பதொன்றே ஒருவன் அங்குத் தங்குவதற்குரிய தகுதியாயிற்று. அவன் பதவி கேட்கப்படவில்லை, கட்டணமும் பெறப்படவில்லை. நிலமானியத்தின் வருவாய் அச்செலவைத் தாங்கியது.

முசாபரி பங்களாவும் மலாயா ஓய்வில்லமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தியச் சாலைகளில் வேறொரு வகைத் தங்குமனையைப் பரவலாக்கினர். தமிழ் மக்கள் அதனை முசாபரி பங்களா என்று அழைத்தனர். முசாபர் என்னும் சொல் பயணியையே குறிப்பினும், அப்பங்களா பயணியர் அனைவருக்கும் உரியதாக அமையவில்லை. ஆய்வுக்காகவும் வரிவசூலுக்காகவும் ஊர் ஊராகச் சென்ற அலுவலர்க்கே அது முதன்மையாகப் பயன்பட்டது.

மலாயாவில் 'ரெஸ்ட் ஹவுஸ்' எனவும், மலாய் மொழியில் 'ரூமா ரேஹாட்' எனவும் 'ரூமா பெர்சிங்காஹான்' எனவும் வழங்கப்பட்ட ஓய்வில்லம் இவ்வமைப்பின் உறவினதே. பொதுப்பணித் துறை அதனைக் கட்டிப் பராமரித்தது. ஊரின் நல்ல காற்று வரும் இடத்தில், மாவட்ட அதிகாரியின் இல்லத்திற்கும் அரசு அலுவலகங்களுக்கும் அணித்தாக அதனை அமைப்பது வழக்கம். தரையினின்று உயர்த்திய தளம், சுற்றிலும் தாழ்வாரம், பின்புறம் தனியே அமைந்த சமையற்கட்டு ஆகியன அதன் பொதுக் கூறுகள். சமையலையும் மேற்பார்வையையும் பெரும்பாலும் ஹைனான் சீனர் கவனித்தனர். அரசுப் பணியில் வரும் அலுவலர்க்கே அங்கு முதலிடம். பிறர் இடமிருந்தால் கட்டணம் செலுத்தித் தங்கலாம். அலுவலர் வந்தால் அவர்கள் இடம்விட நேரிடும்.

எனவே சத்திரத்தின் கேள்வி 'நீ பசித்திருக்கிறாயா' என்பதாக அமைய, ஓய்வில்லத்தின் கேள்வி 'நீ எந்தப் பதவியில் இருக்கிறாய்' என்பதாக அமைந்தது. இரண்டும் தங்குமனைகளே, ஆயினும் அவற்றின் வாயில்கள் வெவ்வேறு அளவுகோலால் திறக்கப்பட்டன.

ஜொகூரின் இரு கடற்கரைகள்

ஜொகூர் மாநிலத்திற்கு மேற்கே மலாக்கா நீரிணையும் கிழக்கே தென்சீனக் கடலும் எல்லைகளாக உள்ளன. சுல்தான் அபு பாக்கார் (ஆட்சிக்காலம் 1862-1895) தம் நாட்டை நவீன நிருவாகத்தின்பால் செலுத்தினார். பண்டார் மகாராணி என்னும் பெயர் பெற்ற மூவார் நகரம் அவர் காலத்தில் வளர்ந்தது. 1909-இல் ஜொகூர் வழியாக இருப்புப்பாதை நிறைவுற்றது. 1914-இல் பிரித்தானியப் பொது ஆலோசகர் பதவி உருவாக்கப்பட்டது. ஜொகூர் நீரிணையின் குறுக்கே அமைந்த பாலம் 1924-இல் முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. இருப்புப்பாதையும் சாலையும் ரப்பர்த் தோட்டங்களும் பெருகப் பெருக, அவற்றை மேற்பார்வையிடும் அலுவலரின் பயணமும் பெருகியது. அப்பயணத்தின் தேவையே ஓய்வில்லங்களின் தோற்றத்திற்குக் காரணமாயிற்று எனலாம்.

மேற்குக் கடற்கரையில் மூவார் ஓய்வில்லம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய தஞ்சோங் எமாஸ் பகுதியில் அமைந்தது. கிழக்குக் கடற்கரையில் மெர்சிங் ஓய்வில்லம் ஜாலான் இஸ்மாயிலில் கடலைப் பார்த்த இடத்தில் அமைந்தது. மெர்சிங் மீன்பிடி ஊராகவும் மாவட்டத் தலைநகராகவும் விளங்குவது. ரவா, பெசார், சிபு முதலிய தீவுகளுக்கும் பகாங் மாநிலத்தின் தியோமான் தீவுக்கும் படகு புறப்படும் துறையும் அதுவே. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகுப் போக்குவரத்து குன்றும். இத்தகைய ஊரில் பயணி காத்திருப்பது தவிர்க்க முடியாதது. கடலோரத் தங்குமனை இங்கு இன்பத்திற்காக மட்டும் எழவில்லை என்பதை இப்புவியியல் உணர்த்துகிறது.

அதே கடல், வேறு தங்குமிடம்

ஜொகூரின் சாலைகளை அமைத்தவர்களிலும், தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களிலும் தமிழர் பெருந்தொகையினர். அவர்களும் கடல் கடந்து வந்த பயணிகளே. அவர்கள் தங்கிய இடங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பின், ஓய்வில்லத்தின் வரலாறு மறுபக்கத்திலிருந்து விளங்கும்.

முதலாவது தங்குமிடம் புறப்பாட்டு முகாம். 1907-இல் அமைந்த குடிநுழைவுக் குழுவின் ஏற்பாட்டில் தொழிலாளர் வருகை ஒழுங்குபடுத்தப்பட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம்கள் இயங்கின. சத்திரங்கள் நிறைந்த அதே சோழநாட்டுக் கடற்கரையில் இம்முகாம் அமைந்தது கருதத்தக்கது. அங்கும் சோறு உண்டு. மருத்துவச் சோதனையும் உண்டு. ஆனால் வந்தவன் விருந்தினனாகக் கொள்ளப்படவில்லை. அவன் எண்ணப்பட்டான், பதியப்பட்டான், அனுப்பப்பட்டான்.

இரண்டாவது தங்குமிடம் கப்பலின் மேல்தளம். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலை மலேசியத் தமிழர் மூத்த தலைமுறை இன்றும் நினைவுகூர்கிறது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்த அக்கப்பலில் பெரும்பாலோர் பாய் விரித்த இடமே அறையாக அமைந்தது.

மூன்றாவது தங்குமிடம் நோய்த்தடுப்பு முகாம். பினாங்கில் ஜெரெஜாக் தீவும், சிங்கப்பூரில் செயிண்ட் ஜான்ஸ் தீவும் இதற்குப் பயன்பட்டன. ஜொகூருக்கு எனச் சிங்கப்பூரில் இறங்கியோர் காணும் முதல் நிலம் இத்தீவாக அமைவதுண்டு. கடலை நோக்கிய கட்டடம், தென்னை மரம், உப்புக்காற்று என அனைத்தும் ஓய்வில்லத்திலும் இம்முகாமிலும் ஒன்றே. விரும்பியபோது புறப்படும் உரிமை ஒன்றே இரண்டையும் வேறுபடுத்தியது.

நான்காவது தங்குமிடம் தோட்டத்து லயம். நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் அமைந்த அக்குடியிருப்பு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் கூரையும் போய்விடும். 1920-களின் இறுதியில் வகுக்கப்பட்ட தரக்கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என அமைந்தது. இக்கூலியில் கட்டணத் தங்குமனை என்பது நினைக்கவும் இயலாதது. தொழிலாளி நுழையலாகாது என்று வாயிலில் எழுதி வைக்கும் தேவை ஓய்வில்லத்திற்கு எழவில்லை. கட்டணமும் பதவியும் அவ்வேலையைச் செய்தன.

கோவிலும் கிட்டங்கியும்

தமிழர் தம் சத்திர மரபைக் கடலுக்கு அப்பால் எடுத்துச் செல்லவில்லையா என்னும் வினா எழுவது இயல்பு. சத்திரம் நிலமானியத்தை அடிப்படையாகக் கொண்டது. கூலிக்கு வந்தவனிடம் மானியமாக அளிக்க நிலம் ஏது? எனவே அம்மரபு வேறு வடிவங்களில் தொடர்ந்தது. 1827-இல் தோன்றிய சிங்கப்பூர் மாரியம்மன் கோவில், புதிதாக வந்தோர் வேலை கிடைக்கும்வரை ஒதுங்கும் இடமாகவும் விளங்கியது.

நகரத்தாரின் கிட்டங்கி இன்னொரு வடிவம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அமைந்த கிட்டங்கிகளில் பகலில் வட்டித்தொழில் நடந்த கூடமே இரவில் உறங்கும் கூடமாயிற்று. மூன்றாண்டுக் கணக்கிற்கு வந்த மேலாளும் அடுத்தாளும் கைப்பெட்டியையும் கணக்குமேசையையும் தம் எல்லையாகக் கொண்டு வாழ்ந்தனர், சமையல் பொதுவானது. ப. சிங்காரத்தின் புதினங்கள் தென்கிழக்காசியத் தமிழ் வணிகரின் இத்தகைய உலகத்தை நமக்குக் காட்டுகின்றன. கிட்டங்கி, கிடங்கு என்னும் சொற்கள் மலாய் மொழியின் 'கூடாங்', ஆங்கிலத்தின் 'கோடௌன்' ஆகியவற்றோடு உறவுடையன என்பது சொல்லாய்வாளர் கருத்து. சரக்குக்குரிய சொல் கடல் கடந்து பிற மொழிகளில் நிலைத்தது. வழிப்போக்கனுக்குரிய சத்திரம் என்னும் சொல்லுக்கு அவ்வாய்ப்பு மலாயாவில் அமையவில்லை. காலனியப் பொருளாதாரம் எதனை வேண்டி வரவேற்றது என்பதற்கு இவ்வேறுபாடே சான்றாகும்.

விடுதலைக்குப் பின்

1938-இல் இந்திய அரசு உதவியுடனான தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. ஓய்வில்லத்தின் வாயிலும் படிப்படியாக அகன்றது. பணிப்பயணம் மேற்கொண்ட ஆசிரியர், எழுத்தர், மருத்துவத் துறையினர் ஆகியோரில் தமிழரும் இடம்பெற்றனர். குறைந்த கட்டணத்தில் குடும்பத்துடன் கடற்கரையில் தங்கும் வாய்ப்பு நடுத்தர மக்களுக்கு உண்டாயிற்று. லயத்தில் பிறந்த ஒருவர், தம் முன்னோர் நுழைய இயலாத தாழ்வாரத்தில் அமர்ந்து தேநீர் அருந்துதல் இயன்றது. இம்மாற்றம் சிறிதாகத் தோன்றினும், குடியுரிமை என்பதன் பொருளை அன்றாட வாழ்வில் உணர்த்துவது இதுவே.

1980-களில் தொடங்கிய தனியார்மயக் கொள்கைக்குப் பின்னர் நாடெங்கும் ஓய்வில்லங்கள் பல குத்தகைக்கு விடப்பட்டன, சில கைவிடப்பட்டன, சில புதுப்பொலிவு பெற்று மரபுவிடுதிகளாயின. பழைய மதிப்பீடான பதவி விலக, பணம் அதனிடத்தைப் பிடித்துக்கொண்டது. கட்டடத்தைக் காத்தல் மட்டும் வரலாற்றைக் காத்தலாகாது என்பதை இங்கு வலியுறுத்த வேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கடற்கரைத் தங்குமனை என்பது பயணியின் தகுதியைச் சமூகம் எவ்வாறு அளந்தது என்பதைக் காட்டும் கருவியாக விளங்குவது பெறப்படும். சத்திரம் வழியை அளவுகோலாகக் கொண்டது. ஓய்வில்லம் பதவியைக் கொண்டது. முகாம் உடலின் உழைப்பாற்றலைக் கொண்டது. இன்றைய மரபுவிடுதி பணத்தைக் கொண்டுள்ளது.

ஓய்வில்லத்தின் விருந்தினர் ஏட்டில் ஒப்பமிட்டோரின் பெயர்கள் நூல்களில் ஏறியுள்ளன. அதற்குச் செல்லும் சாலைக்குக் கல் உடைத்தோர், முற்றத்தைப் பெருக்கியோர், தண்ணீர் சுமந்தோர் ஆகியோரின் நினைவுகள் பொதுப்பணித் துறைக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களின் வாய்மொழியில்தான் எஞ்சியுள்ளன. அத்தலைமுறையினர் மூப்படைந்து வருகின்றனர். ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு ஊர்தோறும் இந்நினைவுகளைத் திரட்டுவாராயின், அவை வகுப்பறைப் பயிற்சியாகவும் வரலாற்றுச் சான்றாகவும் ஒருங்கே பயன்படும். 'தாத்தா இந்த ஊருக்கு வந்த முதல் இரவில் எங்கே தூங்கினார்?' என்னும் எளிய கேள்வியே அப்பணிக்குப் போதுமான தொடக்கமாகும்.