ரங்கூனில் ஒரு கோல்கீப்பர்: பெர்ட் டிரவுட்மனின் பர்மிய அத்தியாயம்

ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் நெடுங்காலம் உழைத்த ஒருவரின் சரித்திரத்தை எழுதுவோர், அவர் வென்ற கோப்பைகளை எண்ணியே அவர் கீர்த்தியை நிறுத்துப் பார்ப்பது வழக்கம். ஜெர்மனியில் பிறந்து, யுத்தக் கைதியாக இங்கிலாந்து சேர்ந்து, அங்கேயே புகழெய்தி, 1972-இல் ரங்கூன் வந்து பர்மியத் தேசிய அணிக்குப் பயிற்சியளித்த பெர்ட் டிரவுட்மனின் விஷயத்தில் அவ்வழக்கம் பெரும் பிழைக்கு இடங்கொடுத்துவிட்டது. பர்மாவை ஒலிம்பிக்குக்குக் கொண்டுசென்றவர் அவர், 1973-இல் தென்கொரிய ஜனாதிபதிக் கோப்பையை வென்றளித்தவரும் அவர் என்று ஒரே வாக்கியத்தில் அந்த அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள். இவ்வாக்கியம் பர்மியருக்கும் அநீதி, டிரவுட்மனுக்கும் அநீதி என்பதே என் கட்சி.

பர்மியர் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1964-ஐ ஒட்டிய தேசியமயத்தில் சொத்திழந்து கப்பலேறிய நம்மவர்க்கு ரங்கூன் என்றால் பிரிவுத் துயரமே முன்னிற்கும். ஆயின் அதே ஆண்டுகளில் அந்நகரத்து ரயில் நிலையத்தின் அண்மையிலுள்ள ஆங் சான் மைதானத்தை இருப்பிடமாகக் கொண்ட கால்பந்து அணி ஆசியாவின் முதல் வரிசைக்கு உயர்ந்தது. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஈரானை ஒரு கோலால் வென்று தங்கம். 1968-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம். 1970-இல் மீண்டும் பாங்காக்கில், கோலின்றி முடிந்த இறுதியாட்டத்தால் தென்கொரியாவுடன் பகிர்ந்த தங்கம். சுக் பகதூர் போன்ற வீரர்கள் ஈட்டிய இப்பெருமைகளில் டிரவுட்மனுக்குப் பங்கேதுமில்லை. ஜனாதிபதிக் கோப்பையும் 1971-இலேயே பர்மியர் தென்கொரியருடன் பகிர்ந்துகொண்டதுதான். 1973-இல் கிட்டியதும் கம்போடியாவுடன் பகிர்ந்த வெற்றியே. ஆகவே 1972 முனிக் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனுக்கும் மெக்ஸிகோவுக்கும் ஒவ்வொரு கோலே விட்டுக்கொடுத்துத் தோற்று, சூடானை இரண்டு கோல்களால் வென்ற அணி, ஒரு வெள்ளைக்காரர் வந்து சில மாதங்களில் உருவாக்கிய அணியன்று.

அப்படியானால் டிரவுட்மன் கொண்டுவந்தது என்ன? உலகம் அவரை 1956 மே 5-ஆம் நாளின் வெம்ப்ளி எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தால் மட்டுமே நினைக்கிறது. பர்மிங்காம் சிட்டி வீரர் ஒருவருடன் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தும், எஞ்சிய ஏறத்தாழ 17 நிமிஷமும் மான்செஸ்டர் சிட்டியின் கோலைக் காத்து நின்றார். ஐந்து முள்ளெலும்புகள் பிசகி, அவற்றில் இரண்டாவது பிளந்திருந்தது சில தினங்கள் கழித்தே எக்ஸ்-ரேயில் தெரிந்தது. அந்தத் தைரியத்தை நானும் வியக்கிறேன். எனினும் பிறர்க்குக் கற்பிக்கத்தக்கது அதுவன்று. ஏனைய கோல்கீப்பர்கள் பந்தை வானளாவ உதைத்து, இரு தரப்பாரும் அதற்காக முண்டியடிக்க விட்ட காலத்தில், இளமையில் ஹேண்ட்பால் பழகிய இவர் பந்தைக் கையால் நெடுந்தூரம் எறிந்து, ஆளின்றி நிற்கும் சகாவின் காலடியில் சேர்ப்பார். முன்கள வீரர் டான் ரெவியைப் பின்னுக்கு இழுத்து ஆடவைத்த சிட்டியின் புதிய முறையில் தாக்குதலின் தொடக்கம் அந்த எறிதலே. காவலும் தாக்குதலின் முதற்படியே என்றுணர்ந்த புத்தி அது. சிட்டிக்காக 545 ஆட்டங்கள் ஆடியவரிடம் ஒரு தேர்ந்த அணி பெறக்கூடியதும் அதுவே.

கழக நிர்வாகத்தில் அவர் சோபிக்கவில்லை. ஸ்டாக்போர்ட், முன்ஸ்டர், ரூசெல்ஸ்ஹைம் ஆகிய மூன்றிடத்தும் சொற்பகாலமே தங்கினார். பின்னர் ஜெர்மானியக் கால்பந்து சங்கம், ஆட்டம் வேரூன்ற வேண்டிய தேசங்களுக்குப் பயிற்சியாளர்களை அனுப்பும் ஏற்பாட்டில் அவரைச் சேர்த்து முதன்முதலில் அனுப்பிய ஊர் ரங்கூன். அவ்வுத்தியோகத்தின் நோக்கம் கற்பித்தலேயன்றிக் கோப்பையன்று. வெம்ப்ளியிலிருந்து பர்மாவுக்கு வந்ததை ஒரு சரிவாகக் கொள்வோர், கழகங்களில் ஓரிரு வருஷமும் நிலைக்காத அதே மனிதர் ரங்கூனுக்குப்பின் தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், வட யேமன் என்று 1988 வரை இதே பணியை விடாது செய்ததற்கு என்ன காரணம் கூறுவார்கள்?