ஜெனரேட்டர் சூடானால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

இந்த முறை கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும் சரித்திரம். ஹைபிரிட் காரில் ஜெனரேட்டர் அளவுக்கு மீறிச் சூடானால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? டொயோட்டா மாதிரியான ஹைபிரிட்களில் அந்த ஜெனரேட்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. "அது போச்சு சார், மொத்தமா மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால் பில் லட்சத்தைத் தொடும். ஆனால் பழைய கதைகளைப் படித்துப் பார்த்தால், பல சமயம் ஜெனரேட்டர் மேல் தப்பே இல்லை.

ஹைபிரிட் நேற்று வந்த சமாச்சாரம் அல்ல. 1900-ஐ ஒட்டிய வருடங்களிலேயே ஆஸ்திரியாவில் லோனர் கம்பெனிக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே ஒன்றைச் செய்தார். பெட்ரோல் என்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த மின்சாரம் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரை ஓட்டும். அந்தக் காலத்து மெக்கானிக்குக் கையும் மூக்கும்தான் கருவி. வார்னிஷ் கருகும் வாடை வந்தால் காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். 1930-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் மான்ட்சிங்கர் என்பவர் இதற்கு ஒரு கணக்கே சொன்னார். சூடு ஏறத்தாழ 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் கூடினால், கம்பிச் சுருளின் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகக் குறையும். அதாவது ஜெனரேட்டர் ஒரே நாளில் சாவதில்லை. யாரும் கவனிக்காமல் விட்ட சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது.

இங்கே காரை ஓரமாக நிறுத்திவிட்டு, நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கும் ரொம்பப் பெரிய ஜெனரேட்டர்களைப் பார்க்கலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில், சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-லும் இரண்டாவது 1986-லும் வணிக ரீதியாக ஓட ஆரம்பித்தன. அணு உலை என்றதும் பயந்துவிட வேண்டாம், நமக்கு வேண்டியது அங்கே இருக்கும் தண்ணீர்க் கதைதான். ஜெனரேட்டரைச் சுற்றும் டர்பைனை விட்டு வெளியே வரும் நீராவியைக் குளிர வைக்கக் கடல்நீர் வேண்டும். கடலுக்குள் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணறு, அங்கிருந்து கடல் தரைக்கு அடியில் ஒரு சுரங்கம். இரண்டு அலகுக்கும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 35 கன மீட்டர் தண்ணீர்.

அந்தச் சுரங்கத்தில் பச்சைச் சிப்பிகள் குடியேறிவிட்டன! ஓடும் நீர், ஓயாத சாப்பாடு, துரத்த ஆளில்லை. நூற்றுக்கணக்கான டன் எடைக்கு ஒட்டி வளர்ந்திருந்ததாக மதிப்பிட்டார்கள். வழி குறுகினால் நீர் குறையும், நீராவி சரியாகக் குளிராது, டர்பைனின் திறன் சரியும். மீட்டர் காட்டுவது என்னவோ கரையில் நிற்கும் மிஷினின் நோயைத்தான். நோய்க்குக் காரணமோ கடலுக்கு அடியில். சில சமயம் ஜெல்லி மீன் கூட்டம் வந்து வடிகட்டியை அடைக்கும். இதற்கெல்லாம் கல்பாக்கம் விஞ்ஞானிகள் வருடக்கணக்காகக் குளோரின் அளவையும் சிப்பியின் வளர்ச்சியையும் ஆராய்ந்தார்கள். ஜெனரேட்டரைக் காப்பாற்ற உயிரியல் படிக்க வேண்டி வந்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் பம்ப் ஹவுஸுக்குள்ளேயே கடல் ஏறியது. கண்டென்சருக்கு நீர் தரும் பம்புகள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். பக்கத்துக் குடியிருப்பில் உயிர்கள் போயின. பம்புகளைச் சரிபார்த்து, ஒப்புதல் வாங்கி, 2005 ஜனவரி 2-ல் அலகு மறுபடி ஓடத் தொடங்கியது.

சரி, காருக்கு வருவோம். டொயோட்டா ப்ரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. அதன் இரண்டாம் தலைமுறையில் என்ஜினுக்கு ஒரு கூலன்ட் சுற்று, இன்வெர்ட்டருக்கும் ஜெனரேட்டர், மோட்டார் இருக்கும் கூட்டுக்கும் தனியாக இன்னொரு சுற்று. இந்த இரண்டாவது சுற்றைத் தள்ளுவது ஒரு சின்ன மின்சார பம்ப். அங்கேயும் கல்பாக்கம் கதைதான்! 2004 முதல் 2007 வரையிலான மாடல்களில் அந்தப் பம்புக்குள் காற்றுக் குமிழி சிக்கி, நீரோட்டம் நின்றுபோகலாம் என்று தெரிந்தது. 2010 கடைசியில் உலகம் முழுக்கச் சுமார் 6.5 லட்சம் கார்களுக்கு அதைச் சரிசெய்து தருவதாக டொயோட்டா அறிவித்தது. என்ஜின் சூடு சாதாரணமாக இருக்கும், டேஷ்போர்டில் மட்டும் எச்சரிக்கை விளக்கு எரியும். காரைத் தயார் நிலையில் வைத்து, ஆறியிருக்கும்போது இன்வெர்ட்டர் கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். திரவம் சுழன்றால் பம்ப் ஓடுகிறது, குளம் மாதிரி அசையாமல் நின்றால் பம்ப் போய்விட்டது. இவ்வளவுதான் பரிசோதனை :)

இன்று ஸ்கேனர் இருப்பதால் இன்னும் சுலபம். ராத்திரி முழுக்க நிறுத்திய காரில் காலையில் எல்லா வெப்ப சென்சாரும் வெளிக்காற்றின் சூட்டையே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனியாக ஏதோ சொன்னால் அந்த சென்சாரோ வயரோதான் பொய் சொல்கிறது. ஓட்டும்போது இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் சேர்ந்து ஏறினால் பம்ப், ரேடியேட்டர், கூலன்ட் என்று நீர்வழியைச் சந்தேகிக்கலாம். ஜெனரேட்டர் மட்டும் ஏறினால்தான் கியர்பாக்ஸ் ஆயில், பேரிங், கம்பிச் சுருள் என்று உள்ளே போக வேண்டும்.

நம் ஊருக்கு ஹோண்டா சிவிக் ஹைபிரிட் 2008-ல் வந்தபோது இதெல்லாம் பணக்காரர் கவலையாக இருந்தது. 2022-ல் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா எல்லாம் வந்த பிறகு அப்படி இல்லை. ஒன்று மட்டும்: சுருளின் இன்சுலேஷனை மெகர் வைத்துப் பார்ப்பது பயிற்சி பெற்றவர் வேலை. சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டர் வடியப் பத்து நிமிடம் காத்திருந்து, அதற்கான ரப்பர் கையுறை போட்டுத்தான் அவர்களே கை வைக்கிறார்கள். நீங்களும் நானும் கூலன்ட் டப்பாவோடு நின்றுகொள்ளலாம்.