தந்தத்தில் ஒரு வளரி

காங்கோ நாட்டின் சொங்கே மக்கள் செய்த கோடரிகளின் இரும்பு அலகில் சின்னஞ்சிறு மனித முகங்கள் இருக்கும்; பிடியில் செப்புத் தகடு போர்த்தியிருக்கும். மரம் பிளக்க எழுந்தவை அல்ல அவை. தலைவனின் தோளில் கிடந்து அவனது தகுதியை ஊருக்கு உரைப்பதே அவற்றின் பணி. நம் மண்ணிலும் அத்தகைய ஆயுதம் ஒன்று இருந்தது. அதுவே வளரி.

பிறைபோல் வளைந்து, ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பது அது. மெலிந்த முனையைப் பற்றித் தோளுக்கு மேலே சிலமுறை சுழற்றி வீசுவர். வேட்டைக்கும் போருக்கும் மரத்தாலும் இரும்பாலும் செய்தனர். ஆனால் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்தை அடைந்த மூன்று வளரிகளுள் இரண்டு யானைத் தந்தத்தால் ஆனவை! தந்தத்தை எவர் காட்டில் எறிந்து தொலைப்பார்? கள்ளர் திருமணங்களில் இரு வீட்டாரும் வளைத்தடியை மாற்றிக்கொண்ட வழக்கத்தையும் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் குறித்துள்ளார்.

இவ்வாயுதத்தின் கதை நம் திருச்சிராப்பள்ளியையும் தொடுகிறது. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது விடுத்த அறிக்கை, கோட்டைக்குள் நவாபு அரண்மனைக்குச் செல்லும் வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் இசுலாமியரையும் அது விளித்தது. மீசை வைத்தோரையும், கும்பினிப் படையில் ஊழியம் செய்த சுபேதார் முதல் சிப்பாய் வரையிலானோரையும், ஆயுதம் ஏந்த வல்ல அனைவரையும் எழுமாறு அழைத்தது. அக்கோட்டை மதில்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மெயின்கார்டு கேட் மட்டும் நிற்கிறது.

அப்போரில் கும்பினியின் பக்கம் நின்றவர்களுள் ஜேம்ஸ் வெல்ஷ் ஒருவர். அமைதி நிலவிய நாள்களில் ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்கு முதலில் கற்பித்தவர் வேறு எவருமல்லர், சின்ன மருதுவே! தொடை முறிந்து சிறைப்பட்டிருந்த தம் ஆசானைப் பின்னர் கண்ட துயரத்தை, 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் அவர் மறைக்கவில்லை. துயருற்றாரேயன்றித் தடுத்தாரில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையங்களில் ஆயுதங்களைத் தடைசெய்து ஆணையிட்டார். உழவனின் அரிவாள் தப்பியது. வீரனின் அடையாளம் பறிபோனது. சிவகங்கைச் சீமையின் சில கோயில்களில் வளரி இன்றும் பூசை பெறுகிறது. அதை எறிந்து பழகிய கைகள்தாம் அரிதாகிவிட்டன.