மத்திகிரியில இருந்து மலைக்கு எவ்வளவு தூரம்?

இன்னிக்கு எபிசோடை ஒரு கழுதையில இருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீங்க, ரொம்ப முக்கியமான வேலை பார்க்கிற கழுதை.

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் தொகுதியில கோட்டூர் மலைன்னு ஒரு ஊர் இருக்கு. 2021 சட்டமன்றத் தேர்தல், 2024 மக்களவைத் தேர்தல், ரெண்டுக்கும் அந்த ஊருக்கு ஓட்டு மெஷின் போனது கழுதை முதுகுல. வண்டி போற பாதை கிடையாது. தேர்தல் அலுவலர்கள் பின்னாடியே நடந்து ஏறினாங்க. பேப்பர்ல போட்டோ வந்தது, நாமளும் ஒரு லைக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டோம்.

நான் மேப் எடுத்துப் பார்த்தேன். மத்திகிரியில இருந்து ராயக்கோட்டை வழியா பாலக்கோடு போனா, ரெண்டு மணி நேரத்துக்குள்ள அந்த மலை அடிவாரம் வந்துடும். திங்கட்கிழமை காலையில நான் சில்க் போர்டு தாண்ட ஆகிற நேரம் அவ்வளவுதான். நமக்கு 'ரிமோட்'னா வீட்ல உட்கார்ந்து லேப்டாப்ல வேலை பார்க்கிறது. அவங்களுக்கு அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். ரெண்டு மணி நேரத்துல இருக்கிற ஒரு ஊர் எப்படி எட்டாத ஊரா ஆச்சு? மலை உயரமா இருக்கிறதாலன்னு நானும் நினைச்சேன். வரலாற்றைத் தோண்டினா கதை அப்படி இல்லை.

முதல்ல 1791-க்குப் போவோம். மூன்றாம் மைசூர் யுத்தம். திப்பு சுல்தானுக்கும் கார்ன்வாலிஸுக்கும் நடுவுல சண்டை. நம்ம பக்கத்து மலைகளும் கணவாய்களும்தான் அப்போ மைசூருக்கும் சமவெளிக்கும் நடுவில் இருந்த கதவு. அந்த ஜூலை மாசம் ஓசூரும் ராயக்கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1792 ஒப்பந்தத்துல பாராமகால் கம்பெனிக்குக் கிடைத்தது. 1799-ல் திப்பு இறந்த பிறகு இந்த எல்லைக்கே வேலை இல்லாமல் போனது. படைகள் ஏறி இறங்கின மலை, யாருக்கும் அவசரமா தேவைப்படாத மலை ஆச்சு.

பாதை எங்கே போகும்? அரசுக்கு வேலை இருக்கிற இடத்துக்குப் போகும். எங்க மத்திகிரியையே எடுத்துக்கோங்க. இங்க இருக்கிற கால்நடைப் பண்ணை 1824-ல் படைக்குக் குதிரை வளர்க்க ஆரம்பிச்சது. அப்போ குதிரை தேவைப்பட்டது, இடமும் பாதையும் தானா வந்தது.

மலைகள்ல அரசுக்குத் தேவைப்பட்டது மரம். 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. ஒரு காட்டைக் காப்புக்காடுன்னு அறிவிக்கணும்னா முதல்ல அறிவிப்பு போடுவாங்க. உரிமை இருக்கிறவங்க கெடுவுக்குள்ள மனு கொடுக்கணும். பிறகு எல்லைக்கல் நடுவாங்க. மலை மேல இருக்கிற, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் கெடுவுக்குள்ள இறங்கி வந்து மனு போடணும்! இப்படி கல் நட்ட பிறகு பல மலை ஊர்கள் காட்டுக்கு நடுவுல தீவு மாதிரி ஆயிடுச்சு. வீடும் வயலும் அவங்களோடது. ஆனா வீட்ல இருந்து சந்தைக்குப் போற ஒத்தையடிப்பாதை வனத்துறையோட நிலம். அந்தச் சட்டம் 'தமிழ்நாடு வனச் சட்டம்'ங்கிற பேர்ல இன்னிக்கும் நடைமுறையில இருக்கு.

சமவெளியும் எப்பவும் வசதியா இருந்ததுன்னு நினைச்சுடாதீங்க. 1913-ல் தருமபுரியில இருந்து ஓசூருக்குச் சின்ன ரயில் வந்தது. குறுகின தண்டவாளம், மெதுவான வண்டி. இரண்டாம் உலகப்போர் நேரத்துல, 1941-ல், அதை மூடித் தண்டவாளத்தையே பிடுங்கிட்டாங்க. ஓசூர் மறுபடி ரயிலைப் பார்க்க 1960-களின் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு ஊர் பக்கத்துல இருக்கா தூரத்துல இருக்காங்கிறதை யாரோ ஒரு மேஜையில முடிவு பண்றாங்க. இதை ஓசூர்க்காரன் மறக்கக் கூடாது.

1970-களில் அதே மாதிரி ஒரு மேஜையில நமக்குச் சாதகமா முடிவு வந்தது. பின்தங்கின பகுதி, பெங்களூரு பக்கம், அதனால சிப்காட். 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை ஓசூருக்கு வந்தது. அதே 1980-ல் மத்திய அரசு வனப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. இனி வன நிலத்தைக் காடு அல்லாத வேலைக்குப் பயன்படுத்தணும்னா டெல்லி அனுமதி வேணும். நமக்கு லாரி செய்ற ஆலை வந்த வருஷமே, மலை ஊருக்கு ரோடு ஃபைல் டெல்லி வரைக்கும் போக வேண்டியதாச்சு.

2000-ல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம். சமவெளியில 500 பேர் இருக்கிற குடியிருப்புக்கு ரோடு. மலை மாநிலங்களுக்கும் ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 பேர் போதும். நல்ல விதிதான். ஆனா தமிழ்நாட்டுல ஐந்தாம் அட்டவணைப் பகுதின்னு ஒண்ணுமே கிடையாது. அப்போ நம்ம மலையில முந்நூறு பேர் வாழற ஊர் எந்தப் பட்டியல்ல வரும்?

2006-ல் வன உரிமைச் சட்டம். இது பெரிய திருப்பம். கிராம சபை பரிந்துரைத்தால் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, சாலைக்கு வன நிலம் கொடுக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாமல். இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஒரு வழி ரோட்டோட அகலம் 3.75 மீட்டர். வகுத்தா சுமார் 2.7 கிலோமீட்டர். மலைச்சரிவு வெட்டு, வடிகால் சேர்த்தா இன்னும் குறையும். அதுக்கு மேல ரோடு நீண்டா, திரும்ப 1980 சட்டம்தான். இது பத்தாதுன்னு, 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட தடையால தமிழ்நாட்டுல இந்தச் சட்டத்தின்கீழ் உரிமைப் பட்டா கொடுக்கிறது பல வருஷம் முடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

இதெல்லாம் சட்டப் பேச்சு. இதுக்கு விலை யார் கொடுத்தாங்கன்னு பார்க்கணும்னா 2023 மே மாதத்துக்கு வாங்க. வேலூர் மாவட்டம், அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலை. ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடிச்சது. சரியான ரோடு இல்லை. மருத்துவமனைக்குப் போற வழியிலேயே குழந்தை இறந்துடுச்சு. பிரேதப் பரிசோதனை முடிஞ்சு திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில நின்னுடுச்சு. மீதித் தூரம் அம்மா குழந்தையோட உடலைக் கையில சுமந்துக்கிட்டு நடந்தாங்க.

போன வருஷம் நானும் ஒரு நண்பனும் பைக்ல பெட்டமுகிலாளம் போனோம். 'பெட்டா'ன்னா கன்னடத்துல மலை, 'முகில்' ரெண்டு மொழிக்கும் சொந்தம். அந்த ஊருக்கு ரோடு இருக்கு. சுத்தி இருக்கிற சின்னக் குடியிருப்புகளுக்கு நடைதான். அங்க ராகி காய வெச்சிருந்த ஒரு பாட்டிகிட்ட, அவசரத்துக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். முன்னாடி கம்புல போர்வையைத் தூளி மாதிரிக் கட்டி நாலு பேர் தூக்குவாங்களாம். இப்போ அந்த நாலு பேரும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. நான் அந்தக் கோணத்துல யோசிச்சதே இல்லை. ரோடு வரலை, ஆனா தூக்குற தோள் நம்ம கம்பெனிகளுக்கு இறங்கி வந்துடுச்சு.

உலகத்துல நாம மட்டும் இல்லை. இந்தோனேசியாவோட பாப்புவா மேட்டுநிலத்துல பாலியெம் பள்ளத்தாக்கு இருக்கு. சர்க்கரைவள்ளி பயிரிட்டு, பன்றி வளர்த்து வாழ்ந்த அந்த மக்களை வெளி உலகம் கவனிச்சதே 1938-ல் ஒரு அமெரிக்கக் குழு விமானத்துல பறந்தபோதுதான். அங்க வாமெனா நகரத்துக்கு சிமென்ட் மூட்டைகூட விமானத்துலதான் வந்துக்கிட்டு இருந்தது, விலை பல மடங்கு. அங்க விமானக் கட்டணம், இங்க கழுதை வாடகை. ரெண்டு இடத்துலயும் அரிசியோட கடைசி விலையில அது ஏறுது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். இதே வனச் சட்டங்கள் இல்லைன்னா நம்ம யானைகளுக்கு இடம் இருந்திருக்காது. 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம் வந்தது. தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் யானைக்கூட்டம் வர்றதை வருஷா வருஷம் பார்க்கிறோம். காட்டைப் பிளந்து நாலு வழிச்சாலை போடுன்னு மலை ஊர்க்காரங்க யாரும் என்கிட்ட கேட்கலை. ஒரு ஜீப் ஆம்புலன்ஸ் ஏறுற பாதை, அவ்வளவுதான் கேட்கிறாங்க.

முடியாத காரியமும் இல்லை. நாமக்கல் மாவட்டம் போதமலையில கீழூர், மேலூர், கெடமலைன்னு மூணு ஊர். அங்கேயும் ஓட்டு மெஷினைத் தலைச்சுமையா தூக்கிட்டுப் போனவங்கதான். இப்போ சுமார் 140 கோடி ரூபாய் ஒதுக்கி ரோடு வேலை ஆரம்பிச்சிருக்கு. இத்தனை வருஷமா அதே மலை, அதே உயரம். மாறினது மேஜையில எடுத்த முடிவு மட்டும்தான்.

அடுத்த தேர்தல்ல கழுதை போட்டோ வந்தா ஷேர் பண்ணுங்க, தப்பில்லை. கூடவே, அந்த ஊர் கிராம சபை ரோட்டுக்குத் தீர்மானம் போட்டிருக்கா, ஃபைல் எந்த ஆபீஸ்ல நிக்குதுன்னு ஒரு தகவல் உரிமை மனு போடுங்க. பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் வந்தா எனக்கு அனுப்புங்க, எபிசோட்ல வாசிக்கிறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.