மானுக்கு எந்தக் குண்டு?

ராமநாதபுரம் சீமையில மான் வேட்டைக்கு ஒரு காலத்துல குண்டே தேவைப்படலைங்க. வளரி போதும். ஓடுற மானோட காலைக் குறிவச்சு வீசுவாங்க. தோல் கிழியறதைவிட உள்ள எலும்பு முறியறதுதான் அதுல அதிகம்.

சின்ன மருதுகிட்ட வளரி வீசக் கத்துக்கிட்ட கும்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தேர்ந்த கையில 100 கஜத்துக்குள்ள குறி தப்பாதுன்னு எழுதியிருக்கார். 1801 அக்டோபர்ல அதே சின்ன மருதுவை கும்பெனி திருப்பத்தூர்ல தூக்குல போட்டுச்சு. டிசம்பர்ல ஆயுதங்களுக்கே தடை.

பிறகு துப்பாக்கிதான். இங்கதான் டாக்டரா எனக்கு ஆர்வம். முழுசா உலோக உறை போட்ட குண்டு பெரும்பாலும் துளைச்சு மறுபக்கம் போயிடும். மான் காயத்தோட ஓடி எங்கேயோ கிடந்து சாகும். முனையில ஈயம் தெரியற குண்டு உள்ள போனதும் காளான் மாதிரி விரியும், வேகமெல்லாம் திசுவுலேயே இறங்கும். கல்கத்தா பக்கம் டம்டம்ல 1890கள்ல செஞ்சது இந்த ரகம்தான். 1899 ஹேக் மாநாடு போர்ல இதைத் தடை பண்ணுச்சு. பிரிட்டன் 1907 வரைக்கும் அதுல சேரலை (ஆச்சரியமா என்ன?).

வேட்டைக்காரங்களுக்கு அந்தத் தடை பொருந்தலை. மனுசனுக்குக் கொடூரம்னு ஒதுக்கின குண்டு, சீக்கிரம் சாகும்னு மானுக்குக் கருணை ஆயிடுச்சு. நம்மூர்ல 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் வளரியோ குண்டோ, மானை அடிச்சா ஜெயில்தான்.