தமிழ் ஆய்விதழ்களும் மதிப்பீட்டு மரபும்: ‘செந்தமிழ்’ முதல் கேர் பட்டியல் வரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் ஆய்வுக் கட்டுரைகள் யாரால், எந்நிலையில், எவ்வாறு மதிப்பிடப்பட்டன என்பதை 1902 முதல் 2025 வரையிலான காலப்பகுதியில் இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சில் வெளிவந்த மறுப்பு, ஆய்வுக் குழுவின் நேரடி விவாதம், பல்கலைக்கழக மானியக் குழுவின் இதழ்ப் பட்டியல் ஆகிய மூன்று முறைகள் ஒப்பிடப்படுகின்றன. முதலிரண்டும் கட்டுரையை மதிப்பிட்டன. மூன்றாவது இதழை மட்டுமே மதிப்பிட்டது. பட்டியல் கைவிடப்பட்டுள்ள இன்று, முதலிரண்டு முறைகளையும் மீட்டெடுப்பது இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆய்விதழ், செந்தமிழ், ஆராய்ச்சி, துறைசார் மதிப்பீடு, பல்கலைக்கழக மானியக் குழு, கேர் பட்டியல்

முன்னுரை

ஒரு நூலைக் கற்றறிந்தோர் முன் வைத்து, அவர்தம் வினாக்களுக்கு விடையளித்த பின்னரே உலகிற்கு அளிப்பது தமிழ் மரபு. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறிய செய்தியை அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றத்தில் இரு கூறுகள் உள்ளன. மதிப்பிடுபவர் யார் என்பது அவையோர்க்குத் தெரியும். மதிப்பிடப்படுவது நூலே ஆகும். இவ்விரு கூறுகளும் அச்சுக் காலத்தில் என்னவாயின என்பதே இக்கட்டுரையின் வினா.

‘துறைசார் மதிப்பீடு’ இன்று பொருள்கொள்ளப்படும் வடிவில் மேலைநாட்டிலும் மிகப் பழமையானதன்று. 1665-இல் இலண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய ‘பிலசாபிக்கல் டிரான்சாக்சன்ஸ்’ முதன்மையாகப் பதிப்பாசிரியரின் தேர்வையே நம்பியது. ‘நேச்சர்’ இதழ் கட்டுரைகளை வெளி மதிப்பீட்டாளருக்கு அனுப்புவதை 1973-இல்தான் பொது விதியாக்கியது. ஆகவே, தொடக்ககாலத் தமிழ் இதழ்களில் இம்முறை இல்லாமையைக் குறையெனக் கொள்வது பொருந்தாது. அவற்றில் எம்முறை இருந்தது எனக் காண்பதே வரலாற்று நோக்காகும்.

அச்சில் மறுப்பு: ‘செந்தமிழ்’

பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு சங்கத்தின் இதழாகச் ‘செந்தமிழ்’ வெளிவந்தது. இரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியர். அவருக்குப் பின் மு. இராகவையங்கார் அப்பொறுப்பை ஏற்றார். அக்காலத்து ஆய்வுகளுக்குப் பதிப்பாசிரியரின் புலமையே முதல் வாயில்; படித்த புலவரின் மறுப்பு இரண்டாம் வாயில்.

இதற்குத் தக்க சான்று வஞ்சி நகர் பற்றிய விவாதம். 1904-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் வி. கனகசபைப் பிள்ளை, சேரர் தலைநகரைக் கேரளத்துக் கோதமங்கலத்தை அடுத்த பகுதியில் வைத்தார். மு. இராகவையங்கார் ‘சேரன் செங்குட்டுவன்’ நூலில் கருவூரே வஞ்சி என்றார், இரா. இராகவையங்கார் அதனை நிறுவ ‘வஞ்சிமாநகர்’ எனத் தனிநூலே எழுதினார். கே.ஜி. சேஷையர் திருவஞ்சைக்களப் பகுதியை முன்னிறுத்தினார். கருவூருக்கு அண்மையிலுள்ள புகழூரின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையாகக் குறிக்கப்பட்டிருப்பது பின்னர் இவ்விவாதத்தில் முக்கிய இடம் பெற்றது. யார் முடிபு வென்றது என்பதைவிட, மறுப்பு அச்சில், பெயருடன், சான்றுடன் வெளிவந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. பின்வந்தோர் ஒரு கூற்றையும் அதன் மறுப்பையும் சேர்த்தே கற்க முடிந்தது.

அவையில் விவாதம்: ‘ஆராய்ச்சி’

நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவை உருவாக்கி, 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். குழுக் கூட்டங்களில் கட்டுரைகள் படிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டன. அவ்விவாதங்கள் இதழுக்கு ஊட்டமளித்தன. பல்கலைக்கழகப் பதவியோ அரசு நல்கையோ இன்றி, ஒரு வட்டாரக் குழு நாட்டார் வழக்காற்றியலையும் சமூக வரலாற்றையும் வளர்த்தெடுக்க இவ்விவாத முறை துணைநின்றது. இதனை அரங்கேற்ற மரபின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம்.

பட்டியலின் காலம்

முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் ஒரு கட்டுரையேனும் வெளியிட வேண்டும் என்பதை மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை கட்டாயமாக்கியது. 2010ஆம் ஆண்டு நெறிமுறை ஆசிரியர்களின் பணியேற்றத்தையும் பதவி உயர்வையும் வெளியீட்டு மதிப்பெண்களுடன் இணைத்தது. தேவை திடீரெனப் பெருகியது. கட்டணம் பெற்று, முறையான மதிப்பீடின்றி வெளியிடும் இதழ்களும் பெருகின.

இதனை நெறிப்படுத்த 2017-இல் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட இதழ்களைக் கொண்ட பட்டியல் வெளியிடப்பட்டது. மறு ஆண்டு மே மாதத்தில் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. பூஷண் பட்வர்தன் உள்ளிட்டோர் 2018-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் பட்டியலில் சேர்ந்த இதழ்களை எடுத்துக்கொண்டது. ஆராயப்பட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்ட இதழ்களுள் 88 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை தரமற்றவை என அது கண்டது. தரமற்ற இதழ்கள் வெளியிலிருந்து ஊடுருவியவை அல்ல, கல்வி நிறுவனங்களே முன்மொழிந்தவை என்பது இதனால் தெளிவாகிறது.

பின்னர் அமைக்கப்பட்ட கேர் கூட்டமைப்பின் பட்டியல் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இடம்பெற்ற இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளங்கள் தோன்றின. 2022ஆம் ஆண்டு நெறிமுறை முனைவர் பட்டத்திற்கான கட்டாய வெளியீட்டை நீக்கியது. 2025 பிப்ரவரியில் பட்டியலே கைவிடப்பட்டது. இதழ்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு உயர்கல்வி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

பட்டியல் முறையின் அடிப்படைக் குறை அதன் நீளமோ சுருக்கமோ அன்று. இதழின் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பார்த்த தேர்வுக் குழு, கட்டுரையைப் படிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டது. மதிப்பிடுபவர் யார் என்பது மறைந்தது. மதிப்பிடப்படும் பொருளும் மாறியது. அரங்கேற்றத்தின் இரு கூறுகளும் ஒருசேர இழக்கப்பட்டன.

இன்றைய தேவை

புதிய பொறுப்பு பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமன்று, இணைப்புக் கல்லூரிகளுக்கும் உரியது. சென்னையின் மேற்குப் புறநகரான பட்டாபிராமில் ‘ஆராய்ச்சி’ இதழ் தோன்றிய அதே 1969-இல் தொடங்கப்பெற்ற இந்துக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் தமிழ்த் துறைகளும் இனித் தாமே தரத்தை முடிவுசெய்ய வேண்டும். அவை தத்தமக்கெனச் சிறு பட்டியல்களை உருவாக்கினால் பழைய குறையே பல மடங்காகும். மாறாக மூன்று நடைமுறைகள் பயன்தரும்:

1. கட்டுரையை இதழுக்கு அனுப்புமுன் துறைக் கூட்டத்தில் படித்து விவாதித்தல்.
2. வெளிவந்த கட்டுரைக்கான மறுப்பையும் ஆசிரியரின் விடையையும் அதே இதழ் வெளியிடுதல். மறுப்பையும் ஆய்வுப் பங்களிப்பாக ஏற்றல்.
3. பணியேற்றத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கருதாது, சிலவற்றை மட்டும் பெற்று முழுமையாகப் படித்தல்.

இவை நேரத்தையும் உழைப்பையும் வேண்டுவன. எனினும் மூன்றாவது நடைமுறை இல்லாதவரை முதலிரண்டும் நிலைக்கா; எண்ணிக்கைக்கே பயன் கிட்டுமிடத்தில் விவாதத்திற்கு எவரும் காத்திரார்.

முடிவுரை

தமிழ் ஆய்வுலகு மதிப்பீட்டை வெளியிலிருந்து கடன்பெறத் தேவையில்லை என்பதைச் ‘செந்தமிழ்’, ‘ஆராய்ச்சி’ ஆகியவற்றின் வரலாறு காட்டுகிறது. பட்டியல் நீங்கியதால் தரம் தானே உயர்ந்துவிடாது. கட்டுரையைப் படித்து, உடன்பாட்டையும் மறுப்பையும் பெயருடன் பதிவுசெய்யும் வாசகர் மீண்டும் உருவாகும்போதே தமிழ் ஆய்விதழ்கள் தம் நம்பகத்தன்மையைப் பெறும்.